ஜாராக்களின் பயறுப் பானை

நவம்பர் 6

மதிய வெயில், பின்னம், தொண்ணூறு பிள்ளைகள். பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். எனக்கே கொட்டாவி. சட்டென்று சொன்னேன்: "ஜாரா வீட்டுப் பானையில ஒரு கிலோ தட்டைப்பயறு. திராவோரே விருந்தாளி வர்றதுக்குள்ள முக்கால் பங்கை ஜாராக்களே தின்னுட்டாங்க. மிச்சம் எவ்வளவு?"

சிரிப்பில் கூரையே பறந்துவிட்டது! "திராவோரேதான் பயறு தின்னி, டீச்சர்!" என்று ஜாராப் பிள்ளைகள் பெஞ்சில் ஏறிக் கத்தினார்கள். பாக்காரி ஜாரா இந்த வருடத்தில் முதல்முறையாகக் கை தூக்கினான். முதலில் விடை சொன்னது வாசா ஜாரா, ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து நடந்து வருகிறவள்.

நான் திராவோரே குலம். நாங்களும் ஜாராக்களும் தலைமுறை தலைமுறையாகக் கேலி முறை. சாவு வீட்டில்கூட ஒருவரையொருவர் பயறு தின்னி, அடிமை என்பார்கள். யாரும் கோபிக்கக் கூடாது. இதை ஏன் இத்தனை வருடம் வகுப்புக்கு வெளியே விட்டுவைத்தேன்?

நவம்பர் 14

வகுப்பைப் பார்க்க வந்த கல்வி ஆலோசகர் பின் பெஞ்சில் உட்கார்ந்து சிரியோ சிரியென்று சிரித்தார். "மத்த டீச்சருங்களுக்கும் இதக் காட்டிக் குடும்மா" என்றார். தலைகால் புரியவில்லை எனக்கு.

நவம்பர் 27

தினமும் பயறுதான். தசமம், எடை, பரப்பளவு எல்லாவற்றிலும் பயறு. இடைவேளையில் வாசா தன் தூக்குச்சட்டியை மூடியபடி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். "சாப்பிடலயா?" "பசிக்கல, டீச்சர்." சரி என்று வந்துவிட்டேன்.

டிசம்பர் 5

வாசா இந்த வாரம் முழுக்க வரவில்லை. காய்ச்சலாக இருக்கும்.

டிசம்பர் 11

இன்று பாக்காரியைக் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னான்: "அவ சட்டியத் தொறந்து பாத்தோம், டீச்சர். நெஜமாவே பயறு! தினமும் அதேதான். ஆத்து வெள்ளத்துல அவங்க கம்புப் பயிரெல்லாம் போயிடுச்சுல்ல? மேட்டுல போட்ட பயறு மட்டும்தான் மிச்சம். வகுப்பே சிரிச்சுது!"

அவனைத் திட்ட வாயெடுத்தேன். எந்த முகத்தோடு? சிரிக்கச் சொல்லிக் கொடுத்தது யாரு — நான்தானே. அவ சட்டியில இருந்த சோத்தத்தான் நான் தினமும் போர்டுல எழுதிப் போட்டிருக்கேன்.

எங்கள் வீட்டில் ராத்திரி கம்பங்களியும் வெண்டைக்காய்க் குழம்பும். தட்டை மூடி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 13

மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கொண்டுபோகும் கோலாக்கொட்டை வாங்கிக்கொண்டு வாசா வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மாசரான் என்னைப் பார்த்ததும் கை தட்டிச் சிரித்தாள். "வாடி என் அடிமையே! திராவோரேக்கு இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா? உக்காரு, ஜாரா வீட்டுப் பயறத் தின்னுட்டுப் போ."

முறைப்படி நானும் பதிலுக்கு வைய வேண்டும். வையாமல் தின்றேன். வாசா கிணற்றடியில் பாத்திரம் தேய்த்தபடி இருந்தாள், திரும்பவே இல்லை.

"அவ இனி வரமாட்டா. சித்தியோட பமாக்கோ பட்டணம் போறா, வீட்டு வேலைக்கு. பள்ளிக்கூடம் பிடிக்கலங்கிறா." குரலைத் தாழ்த்தினாள். "கேலியெல்லாம் ஒண்ணுமில்ல. நம்ம முறை. இதுக்குப் போய் எவளாவது கோவிப்பாளா?"

திட்டியிருக்கலாம் அவள். ரெண்டு அறை விட்டிருக்கலாம். சிரிச்சாளே, அதத்தான் தாங்க முடியல.

மண்டியிட்டு, கொட்டைகளை அவள் கையில் வைத்து, பிள்ளையை அனுப்பு என்று கேட்டேன். கேலி முறைக்காரி மண்டியிட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. மாசரான் கொட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி மடியில் போட்டுக்கொண்டாள். "பள்ளிக்கூடத்துக்கே போகட்டும்" என்றாள்.

டிசம்பர் 16

வாசா வந்துவிட்டாள். கடைசி பெஞ்ச்.

மன்னித்துவிட்டார்கள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் கோபிக்க முடியாத முறையை வைத்துக் கேலி செய்தேன். மறுக்க முடியாத அதே முறையை வைத்து மன்னிப்பும் கேட்டேன். வாசாவை ஒரு தடவையாவது கேட்டேனா?

ஜனவரி 22

பயறை விட்டுப் பல நாள். படகு, மீன், சந்தை என்று கணக்குப் போடுகிறேன், சுமாராகத்தான் போகிறது. இன்று மதியம் வகுப்பு மறுபடி தூக்கத்தில் சாய்ந்தது. பழக்கதோஷம், நாக்கு புரண்டுவிட்டது: "ஒரு ஜாரா வீட்டுப் பானையில..."

வாசா எழுந்தாள். "வேணாம், டீச்சர். எனக்கு அது பிடிக்கல."

"ஏய், திராவோரேகிட்ட கோவிக்கக் கூடாதுடீ!" என்றான் பாக்காரி.

"கூடாதுதான். ஆனா எனக்குக் கோவம் வருது."

ஒரு ஜாரா ஒரு திராவோரேயிடம் இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. போர்டைத் துடைத்துவிட்டுச் சுண்ணக்கட்டியை நீட்டினேன். "அப்ப கணக்கை நீ சொல்லு."

முன்னால் வந்து, நிதானமாக எழுதினாள்: 'ஒரு வகுப்பில் தொண்ணூறு பேர். எண்பத்தொன்பது பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் எத்தனை பங்கு?'

யாரும் தூங்கவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. பலகைகளில் சுண்ணக்கட்டி கீறும் சத்தம் மட்டும். ஒவ்வொரு பெஞ்சாகத் திருத்திக்கொண்டே போனேன். கடைசி பெஞ்சுக்குத் திரும்பியிருந்த வாசா தன் பலகையை நீட்டினாள். சரி போட்டேன். திரும்பி வந்ததிலிருந்து என் கண்ணைப் பார்க்காத பெண், இப்போது நேராகப் பார்த்து, "அடுத்த கணக்கு?" என்றாள்.