களவெட்டியில் ஆகாத சொல்

மாமா,

வவுணதீவு வயல் வட்டை வாழ் பெருமக்களுக்கு ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருவது: இன்று காலை அடியேன் தும்மினேன். லேஞ்சியில் விழுந்தது கறுப்பு. பார்வையிட விரும்புவோர் வீட்டுக்கு வரவும்.

லேஞ்சி உங்கள் பழைய கைக்குட்டைதான். எத்தனை தரம் தோய்த்தாலும் பதர் மணம் போகவில்லை. இதை மூக்கில் கட்டிக்கொண்டுதான் அறுவடைக்கு அறுவடை உழவு இயந்திரக் காற்றாடிக்கு முன்னால் நின்று நெல் தூற்றினீர்கள். காற்றுத் திரும்பும்போதெல்லாம் தூசு உங்கள் முகத்துக்கே வந்தது. நாங்கள் அதைத் தூசாகத்தான் மதித்தோம்.

"மாமா, உங்கட நெஞ்சுக்குள்ள ஆரோ விசில் அடிக்காங்க" என்றேன் ஒருநாள்.

"உன்ட கலியாணத்துக்கு நாதஸ்வரம் பழகுறன் மருமகன்" என்றீர்கள். சிரிப்புப் பாதியிலேயே இருமலாகிவிட்டது.

நெல் தூற்றும் களவெட்டியில் 'இல்லை', 'குறைவு' என்று வாய் திறக்கக் கூடாது. சொன்னால் விளைச்சல் குறைந்துபோகும் என்பது நம் வழக்கம். அதனால் மூச்சு முட்டியபோதும் மூட்டையில் சாய்ந்துகொண்டு "பொலி, பொலி" என்று மட்டும் சொன்னீர்கள். நாங்களும் விளைச்சல் பெருகட்டுமென்று திருப்பிப் "பொலி" என்றோம். கிளினிக்கில் டொக்டர் முதலில் கேட்டது, "இவ்வளவு காலமும் ஏன் சொல்லல்ல?"

நீங்கள் போன பின் இது முதல் அறுவடை. இன்று உங்கள் இடத்தில் உங்கள் மகன் நின்றான். அதே காற்றாடி, மூக்கில் வெறும் துணி. மச்சானுக்கும் விடியற்புற இருமல் தொடங்கிவிட்டது.

கவலை வேண்டாம். மத்தியானத்துக்குள் நிலைமையைத் தலைகீழாக்கிவிட்டேன். தூசு ஆட்களுக்கு எதிர்ப்பக்கம் போகும்படி உழவு இயந்திரம் திருப்பி நிறுத்தப்பட்டது. எல்லோர் முகத்திலும் இறுக்கமான மாஸ்க். உங்கள் மருமகன் ஆட்சியில் மூக்குகளுக்கெல்லாம் ஊரடங்கு.

சரி. உங்களிடம் புளுகுவதற்கும் இப்போது தெம்பில்லை.

ஆட்சி அம்மாவுடையது. பெண்கள் களவெட்டிக்குள் வருவதில்லை என்பதால் வரம்பிலேயே நின்று, மாஸ்க் பையைத் தூக்கிப் பிடித்தபடி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"என்ட தம்பி மூச்சில்லாமத்தான் போனவன். இந்தப் பொடியனுக்கும் இல்லாமப் போறதுக்கு முதல் மெசின நிப்பாட்டுங்க."

ஆகாத அந்த 'இல்லை'யைத்தான், அதுவும் இரண்டு தரம். காற்றாடி நின்றது. மச்சான்தான் முதலில் வரம்புக்குப் போய்க் கைநீட்டினான்.

நானா? உழவு இயந்திரத்துக்குப் பின்னால் நின்றேன். காலையிலிருந்து அதே சொல்லைத்தான் தொண்டைக்குள் வைத்திருந்தேன் மாமா. இன்னும் அங்கேதான் கிடக்கிறது. வெளியே வந்தது அந்தத் தும்மல் மட்டும்.