லாசர் ஐயாவின் கம்பளி

ஜவ்வாது மலை
9.7.1978

கர்த்தருக்குள் அன்பான உபதேசியார் லாசர் ஐயாவுக்கு,

ரங்கசாமி ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? வைத்தியத்துக்கென்று திருப்பத்தூருக்கு இறங்கியவர், பொங்கல் போய் ஆடியும் வரப்போகிறது, ஒரு வரி எழுதவில்லை. எங்களை மறந்தே போனீர்களா?

சாமை விதைத்தாயிற்று. ஜெபவீட்டுக் கூரையை மாற்றிவிட்டோம். நீங்கள் விட்டுப்போன கறுப்புக் கம்பளி பத்திரமாக இருக்கிறது. பச்சையம்மாவுக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது என் தங்கை கெங்கம்மாள் அதைப் போர்த்திவிட்டாள். விடிவதற்குள் வேர்த்துக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அதிலிருந்து யாருக்குத் தலை வலித்தாலும் கம்பளிதான். சிலுவைக்கு முன்னால் மேசையில் மடித்து வைத்திருக்கிறோம். விதைப்புக்கு முன் ஆளாளுக்கு வந்து தொட்டுக் கும்பிட்டார்கள். “லாசர் ஐயா பேரச் சொன்னா போதும், காட்டுப்பன்னிகூட கொல்லைப் பக்கம் வர்றதில்ல” என்கிறாள் கெங்கம்மாள்.

என் மகள் பாஞ்சாலை முழுகாமல் இருக்கிறாள். ஐப்பசியில் பேறு. அவளைப் பெற்றபோதுதான் அவள் அம்மா செத்தாள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் வந்து அவள் தலையில் கை வைக்க வேண்டும். வர முடியாவிட்டால், கம்பளி இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

உங்கள் சொல் தட்டாத,
ரங்கசாமி


திருப்பத்தூர்
2.8.1978

அன்புள்ள ரங்கசாமிக்கு,

லாசர் எழுதுவது. கை நடுங்குவதால் நான் சொல்லச் சொல்ல என் மனைவி சாராள் எழுதுகிறாள்.

கம்பளி விஷயத்தைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. முதலில் கோபம் வந்தது, பிறகு பயம் வந்தது. அது மார்கழிக் குளிருக்காகச் சந்தையில் நான் பேரம் பேசி வாங்கிய ஆட்டு ரோமம். அதைப் போர்த்திக்கொண்டுதான் இத்தனை வருஷமும் இருமினேன். குணமாக்குகிற கம்பளி என்றால் முதலில் என்னை அல்லவா குணமாக்கியிருக்க வேண்டும்? நெஞ்சு இரண்டு பக்கமும் போய்விட்டது, இனி மலை ஏற்றம் கிடையாது என்கிறார் டாக்டர்.

சிலுவைக்கு முன்னால் வைத்திருக்கிறோம் என்று சந்தோஷமாக எழுதுகிறீரே! முன்னால் வைத்தது சிலுவையைத்தான் மறைக்கும். உமக்காக ரத்தம் சிந்தியது லாசரா?

உடம்பு தேறினாலும் நான் வரமாட்டேன். வந்தால் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பாஞ்சாலைக்கு வலி எடுத்ததும் டோலி கட்டிக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாரும். கர்த்தரைக் கூப்பிடும். கம்பளியை மேசையிலிருந்து எடுத்துவிடும்.

உம்மை நேசிக்கிற,
லாசர்


ஜவ்வாது மலை
12.11.1978

அன்பான ஐயாவுக்கு,

ரங்கசாமி எழுதுவது. உங்கள் கடிதத்தை நான் அப்போது சபையில் படிக்கவில்லை. எங்களைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று கோபம். கம்பளியை எடுக்கவும் எனக்குக் கை வரவில்லை.

பாஞ்சாலைக்கு வலி கண்டதும் கெங்கம்மாள் அதைக் கொண்டுவந்து போர்த்தினாள். பகல் முழுக்க உங்கள் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டோம். பொழுது சாயும்போது பாஞ்சாலைக்குக் கண் செருகியது. அவள் அம்மா முகமும் அப்படித்தான் ஆனது. டோலி கட்ட வீட்டில் கெட்டியான துணி வேறு இல்லை. கம்பளியை உருவினேன். “அத்த எடுக்காதண்ணா, இன்னா ஆவுமோ!” என்று கெங்கம்மாள் அலறினாள். அதையே மூங்கிலில் கட்டி, பாஞ்சாலையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அடிவாரத்தில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோனதும் என் கால் தானாக உங்கள் வீட்டுப் பக்கம் நடந்தது. உங்களைத் தூக்கி வந்தாவது அவள் தலையில் கை வைக்கச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். விடிந்துகொண்டிருந்தது. தெருமுனைக்கே உங்கள் இருமல் கேட்டது. அங்கேயே நின்றுவிட்டேன். “உமக்காக ரத்தம் சிந்தியது லாசரா?” என்று கேட்டிருந்தீர்களே, அது நினைவுக்கு வந்தது.

திரும்பிப் போய் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் முழங்கால் போட்டேன். உங்கள் பேர் இல்லாமல் நான் செய்த முதல் ஜெபம் அது. “இயேசுவே, நீர்தான்” என்றேன்.

பாஞ்சாலை பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை, ஐயா. ஆண் பிள்ளை. கேட்டதைக் கொடுத்தால்தான் கர்த்தர் என்று இத்தனை நாள் இருந்திருக்கிறேன். இப்போதும் அவரைத்தான் பார்க்கிறேன். அழுதுகொண்டுதான் பார்க்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை சபையில் படித்தேன். மேசையில் இப்போது ஒன்றும் இல்லை. கம்பளியைத் துவைத்துப் பாஞ்சாலைக்குப் போர்த்தியிருக்கிறேன். குளிருக்குத்தான். சாமை அறுப்பு முடிந்ததும் வருகிறேன். இந்தத் தடவை எதுவும் கேட்க அல்ல, உங்களைப் பார்க்க.

ரங்கசாமி


திருப்பத்தூர்
24.11.1978

ரங்கசாமி அண்ணனுக்கு,

சாராள் எழுதுவது. உங்கள் கடிதம் வந்த மறுநாள் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கடிதத்தை முழுதும் கேட்டார். குழந்தைக்காக அழுதார். “குளிருக்குத்தான்” என்ற இடத்தை மறுபடியும் படிக்கச் சொல்லிச் சிரித்தார்.

அண்ணா, அன்றைக்கு நீங்கள் தெருமுனையில் நின்றதை ஜன்னல் வழியாக அவர் பார்த்தார். நான் கூப்பிட ஓடினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “வேணாம் சாராள், அவரு திரும்பறாரு பாரு” என்றார். நீங்கள் மறையும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உங்களைப் பார்க்க அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத்தான் தெரியும்.

அறுப்பு முடிந்ததும் கட்டாயம் வாருங்கள். பாஞ்சாலையையும் அழைத்து வாருங்கள், கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறேன். கடைசியாக ஒன்று சொல்லச் சொன்னார். அவருடைய குழியிலிருந்து ஒரு பிடி மண்கூட மலைக்குப் போகக் கூடாதாம்.

சாராள்