ஐந்து கரி அச்சுகள்

நியூபரிபோர்ட், மாசசூசெட்ஸ்
பிப்ரவரி 4, 1934

அன்புள்ள அம்மாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். சப்ரா சித்தியின் கால்கட்டைப் பிரித்துவிட்டார்களா? நீ டொலீடோவுக்குப் போய் எட்டு வாரம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. ஆறு வாரம் என்று சொல்லித்தான் போனாய். குறை சொல்லவில்லை, கணக்கு மட்டும் சொல்கிறேன்.

ஆற்றில் இன்னும் பனிக்கட்டி. சனிக்கிழமைக்கு வழக்கமான பீன்ஸ் கொட்டையை நான் வேகவைத்தேன். அப்பா இரண்டாவது தடவை கேட்டு வாங்கவில்லை என்றாலும் முதல் தடவை வைத்ததை மீதம் வைக்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். பள்ளியில் ஊர் வரலாறு பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுத வேண்டும். நான் நம் ஆறு வெள்ளித் தேக்கரண்டிகளைப் பற்றி எழுதுகிறேன். நீ ஐந்தை எடுத்துக்கொண்டு ஒன்றை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாயே, அதைத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் நம் மூதாட்டி பேஷன்ஸ் ரோலின்ஸின் பெயரெழுத்துகள், பி. ஆர்., பளிச்சென்று இருக்கின்றன. பின்பக்கம் செய்தவரின் முத்திரைதான் சரியாக விழவில்லை. அச்சைச் சாய்த்து அடித்திருக்கிறார். 'விக்' என்ற வால் மட்டும் தெரிகிறது. நூலகத்தில் இருக்கும் வெள்ளி வேலைக்காரர்கள் பட்டியலில் 'விக்' என்று முடிகிறவர்கள் இரண்டு குடும்பம். பாஸ்டனில் சாட்விக், நம் ஊரில் ஹார்விக்.

நூலகர் மிஸ் பிளம்மர், "வால மட்டும் பாத்துட்டு மாட்டுக்குப் பேர் வைப்பியா, அல்மைரா? மீதி கரண்டியயும் கொண்டா பாப்போம்" என்கிறார். மீதி உன்னிடம் இருக்கிறது.

அதனால் ஓர் உதவி. முத்திரையை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே ஒரு நொடி காட்டு. கரி படியும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி எடு. எழுத்து இடம் வலம் மாறி விழும், நான் கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறேன். கரண்டிக்கு ஒன்றாக ஐந்து அச்சு வேண்டும். அந்தக் காலத்தில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுத்தியலால் அடித்தார்கள், அதனால் ஒன்றில் விழாத எழுத்து இன்னொன்றில் விழுந்திருக்கும்.

ஏன் ஐந்தையும் கொண்டுபோனாய் என்று அப்பாவைக் கேட்டேன். "அது பொண்ணு வழியா வர்ற சொத்து. எனக்கு அதுல பேச்சே கிடையாது" என்றார். பிறகு பழுதுக்கு வந்த கடிகாரத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஈஸ்டருக்கு வந்துவிடுவாய் அல்லவா?

உன் நினைவாகவே இருக்கும்,
அல்மைரா


டொலீடோ, ஒஹாயோ
பிப்ரவரி 20, 1934

என் கண்ணு அல்மைராவுக்கு,

சித்தி இப்போது கோல் ஊன்றி நடக்கிறாள். முன்னைவிட அதிகமாக அதட்டுகிறாள், அதனால் உடம்பு தேறிவிட்டது என்றே நினைக்கிறேன்.

நீ கேட்ட அச்சில் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் எடுத்ததில் என் கட்டைவிரல் ரேகைதான் அழகாக விழுந்தது, கரண்டியைச் செய்ததே நான்தான் என்பது போல! தொப்பிப் பெட்டிக்குள் வைக்கும் மெல்லிய தாள் கிடைத்தது, அதில் நன்றாக வந்திருக்கிறது. மற்றவற்றைப் பிறகு எடுத்து அனுப்புகிறேன்.

பனி உருகும்போது உன் பழுப்புக் காலணியைப் போடாதே, அது ஒழுகும். பீன்ஸில் வெல்லப்பாகைக் கடைசியில் ஊற்று, முதலில் ஊற்றினால் தோல் விறைத்துவிடும். அப்பா கழுத்துத்துணி கட்டிக்கொள்கிறாரா?

வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முத்தங்களுடன்,
அம்மா


நியூபரிபோர்ட்
மார்ச் 8, 1934

அன்புள்ள அம்மாவுக்கு,

நம் ஊர்தான்! உன் அச்சில் 'விக்'குக்கு முன்னால் 'ர்' தெளிவாக இருக்கிறது. ஹார்விக்! நூலகத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். மிஸ் பிளம்மர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டே எழுந்து வந்து அவரும் பார்த்தார்.

ஆனால் ஹார்விக் இரண்டு பேர். அப்பா நேதன், மகன் ஜோசப். பெயருக்கு முன்னால் 'என்' இருக்கிறதா, 'ஜே' இருக்கிறதா என்று தெரிந்தால் முடிந்தது. மீதி நான்கையும் சீக்கிரம் அனுப்பு.

இப்போது அப்பாவின் கடையில் எந்தக் கரண்டி வந்தாலும் முதலில் திருப்பிப் பார்க்கிறேன். "என் மக மனுஷங்களக்கூட முதுகுப் பக்கமாத்தான் பாக்குறா" என்று அப்பா வாடிக்கையாளர்களிடம் சொல்கிறார். நேற்று ஓர் அம்மாள் சிங்கமும் தலையும் போட்ட கரண்டியைக் கொண்டுவந்து, லண்டனில் செய்தது என்று சத்தியம் செய்தார். லண்டன் சரக்கு என்று ஜனங்கள் நம்பட்டும் என்று நியூயார்க்கில் போட்ட முத்திரை அது. நான் சொன்னதும் அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "உண்மையச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு நாற்காலி போட்டு உக்கார வைக்கணும், அம்மாடி" என்றார் அப்பா.

கழுத்துத்துணி கட்டுகிறார். நீ கேட்டாய் என்று சொன்னேன். அன்று முழுவதும் அதைக் கழற்றவே இல்லை.

ஆவலுடன்,
அல்மைரா


டொலீடோ
மார்ச் 19, 1934

என் கண்ணு,

இதோ நான்கு அச்சுகள். இரண்டிலிருந்து ஐந்து வரை எண் போட்டிருக்கிறேன். முதலில் அனுப்பியதோடு சேர்த்தால் ஐந்து. உன் கட்டுரைக்கு இது போதும் என்று நினைக்கிறேன். இனி மெழுகுவர்த்தியும் கையுமாக உட்கார எனக்குப் பொழுது இல்லை.

உன் சிவப்புப் பாவாடையின் ஓரத்தை இரண்டு விரல் இறக்கித் தைத்துக்கொள். வளர்ந்திருப்பாய்.

முத்தங்களுடன்,
அம்மா


நியூபரிபோர்ட்
மார்ச் 26, 1934

அன்புள்ள அம்மாவுக்கு,

நேதன்! மூன்றாவது அச்சில் 'என்' அப்படியே விழுந்திருக்கிறது. அப்பா ஹார்விக் செய்தது என்றால் கரண்டிகளுக்கு நூற்றுப்பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. கட்டுரையின் முதல் பக்கத்தை எழுதிவிட்டேன்.

ஒரு சின்னத் தவறு நடந்திருக்கிறது. நான்காவது அச்சு, இரண்டாவது கரண்டியையே மறுபடி எடுத்தது. 'ர்' மேலே முடி போல ஒரு கீறல், இரண்டிலும் ஒரே இடம், ஒரே நீளம். ஐந்தாவதும் மூன்றாவதும் அப்படித்தான். எழுத்தைச் சுற்றியுள்ள கட்டத்தின் கீழ்மூலை இரண்டிலும் ஒரே மாதிரி நசுங்கியிருக்கிறது. கையால் அடித்த முத்திரை இரண்டு கரண்டியில் ஒன்றுபோல விழவே விழாது. அவசரத்தில் கரண்டிகள் கலந்துவிட்டன போலிருக்கிறது. பரவாயில்லை. ஈஸ்டருக்கு வரும்போது கரண்டிகளையே கொண்டுவந்துவிடு.

சனிக்கிழமை மாலை நாலு பத்து ரயிலுக்கு நிலையத்தில் நிற்பேன். பாவாடையை இறக்கித் தைத்தாயிற்று. இரண்டு விரல் போதவில்லை, மூன்று.

உன்,
அல்மைரா


டொலீடோ
ஏப்ரல் 2, 1934

என் அல்மைராவுக்கு,

மன்னித்துக்கொள். வர முடியவில்லை. சித்தியின் கால் மறுபடி வலிக்கிறது. நீ நிலையத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் நன்றாக இருக்கும். போயிருப்பாய், எனக்குத் தெரியும்.

அம்மா


நியூபரிபோர்ட்
ஏப்ரல் 22, 1934

அம்மா,

போனேன். நாலு பத்து ரயிலுக்கும் போனேன், ஆறு முப்பது ரயிலுக்கும் போனேன். அதை எழுத இந்தக் கடிதம் இல்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் கடைக்குப் போனேன். பழைய வெள்ளி வாங்கி விற்கும் மிஸ்டர் கீன் பையைத் திறந்து வைத்திருந்தார். இரண்டு தேக்கரண்டிகளை அப்பாவிடம் நீட்டினார்.

"டொலீடோல எடுத்தது, எனோஸ். உங்க ஊர்ச் சரக்கு. அங்க யாரு இத மதிக்கிறா? இந்த முத்திர இந்த ஊர்லதான் வெல போகும்."

அப்பா முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். "எழுத்த யாருய்யா தேச்சது?"

"அங்க ஒரு கடக்காரன். எவளோ செத்துப்போனவ எழுத்து நம்ம கரண்டில எதுக்குன்னு சக்கரத்துல வச்சு மெருகேத்திட்டான்."

"முட்டாப்பய. இங்க எழுத்துக்குத்தான்யா பாதி வெல. அல்மைரா, வா, உன் மூச்ச குடு."

தேய்த்த இடத்தில் மூச்சு வேறு மாதிரி படியும், அழித்த எழுத்து ஒரு நொடி தெரியும் என்று உனக்குத் தெரியும். நான் ஊதினேன். பி. ஆர். தெரிந்தது. மறைந்தது. அப்பா கரண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இன்னொன்னயும் ஊது" என்றார். ஊதினேன். அதிலும் அதேதான். திருப்பிப் பார்த்தேன். நேதன் ஹார்விக். நீ எனக்கு அனுப்பாத இரண்டு முத்திரைகள்.

"யாரு வித்தது?" என்று அப்பா கேட்டார்.

"தொப்பிக் கடயில வேல பாக்குற ஒரு அம்மாவாம். சொந்தமா ஒரு ரூம் எடுத்திருக்காங்க, வருஷத்துக்குப் பேசி. அடுப்பு, பாத்திரம் வாங்கணும்னு குடுத்தாங்களாம். ஏன் எனோஸ், தெரிஞ்சவங்களா?"

"தெரியும்" என்றார் அப்பா. அவ்வளவுதான். பேரம் பேசாமல் வாங்கினார். அப்பா பேரம் பேசாததை நான் அன்றுதான் பார்த்தேன். மிஸ்டர் கீனும் அன்றுதான் பார்த்திருப்பார், போகும்போது கதவருகில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

சாப்பாட்டு மேசையில் நான் கேட்டேன். "அம்மா இனிமே வர மாட்டாங்களாப்பா?"

அப்பா மீன் வடையை நாலாக வெட்டினார், எட்டாக வெட்டினார். "வர மாட்டா, அம்மாடி. உன்கிட்ட சொல்ற தைரியம் அவளுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. நீ கரண்டியப் பாத்துக் கண்டுபிடிக்க வேண்டியதாப் போச்சு."

"உங்களுக்குக் கோவமா?"

"இருந்துச்சு. இப்ப வீடு ரொம்பப் பெருசாயிட்ட மாதிரி இருக்கு, அவ்வளவுதான்."

அம்மா, எனக்கு எதுவும் தெரியாது என்று நினைத்துவிடாதே. போன இலையுதிர்காலம் முழுவதும் நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டும் என்றால்கூட என்னிடம் சொல்லித்தான் வாங்கிக்கொண்டீர்கள். நான்தான் நடுவில் உட்கார்ந்து உப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது கால் முறிவால் வந்தது இல்லை, ஈஸ்டருக்குள் ஆறப்போவதும் இல்லை. இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். நான் முத்திரையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். கரண்டிகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. 'குடும்பத்தில்' என்று எழுதினேன். அது பொய் இல்லை என்றே நினைக்கிறேன்.

உன் நீலக் கோட்டு இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. முதலில் அதில் உன் வாசனை இருந்தது. இப்போது கோட்டு வாசனைதான் இருக்கிறது.

நீ எப்போது வருவாய் என்று இனிமேல் கேட்க மாட்டேன். அதனால் நீயும் சித்தியின் காலைப் பற்றி எழுத வேண்டாம். ஜூன் பதினைந்தில் பள்ளி முடிகிறது. "போணும்னா போய்ட்டு வா. டிக்கெட் நான் எடுக்குறேன். பள்ளிக்கூடம் தொறக்குறதுக்குள்ள வந்துடு, எனக்கும் ஆள் வேணும்ல" என்று அப்பா சொல்லிவிட்டார்.

நான் வரலாமா?

அல்மைரா


டொலீடோ
ஏப்ரல் 27, 1934

என் அல்மைராவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். முதலாளியம்மா ஓடி வந்து, "என்ன லோயிஸ், யாராச்சும் தவறிட்டாங்களா?" என்றார். "இல்லம்மா, என் பொண்ணு வர்றா" என்றேன். அதற்கு ஏன் இப்படி அழ வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை.

ஒரே கரண்டியை இரண்டாவது முறை சுடரில் காட்டியபோதே நீ கண்டுபிடிப்பாய் என்று தெரியும். தெரிந்தும் அனுப்பினேன். உன்னிடம் நேராகச் சொல்ல என்னால் முடியவில்லை. என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

அப்பாவிடம் நன்றி சொல். நானே தனியாக எழுதுகிறேன்.

அறை மாடியில் இருக்கிறது, சின்னது. கட்டில் ஒன்றுதான். தூக்கத்தில் நீ உருளுவாய், அதனால் சுவர்ப்பக்கம் உனக்கு.

அம்மா