ஏரோப்பிளேன் பெட்ரோல் ஊற்றிய கார்

இன்று காலை சேலம் அஸ்தம்பட்டி பங்கில் பெட்ரோல் வாசம் மூக்கில் ஏறியதும் உங்களுக்கு எழுதத் தோன்றிவிட்டது. நம் மகன் காரை நிறுத்தி, இருப்பதிலேயே விலை கூடிய பெட்ரோலை ஊற்றச் சொன்னான். "ரேஸ் காருக்கு ஊத்துறதும்மா, இனி பாருங்க, பறக்கும்" என்றான். சிரிப்பை அடக்கவே முடியவில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் பிள்ளை வாயில் உட்கார்ந்து பேசுகிறீர்களே!

யுத்தம் முடிந்த சமயம். பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் எடுத்த ஒரு டின் ஏரோப்பிளேன் பெட்ரோலோடு நாமக்கல் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். மறுநாள் எடப்பாடியில் என் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் பக்கத்தில் கூடப்பிறந்தவள் உட்கார்ந்து இணைச்சீர் செய்யாமல் நம் சனத்தில் தாலி ஏறாது. அவனுக்கு இருக்கிற ஒரே அக்கா நான். பையனுக்குக் காய்ச்சல் என்று முன்கூட்டியே போகவும் முடியவில்லை. விடியக் கிளம்பலாம் என்றால் கேட்டீர்களா?

"ஏம்புள்ள, பறக்குற பெட்ரோல ஊத்திப்போட்டு எதுக்கு விடியக் கெளம்போணும்?"

எட்டரைக்குக் கிளம்பினோம். முகூர்த்தம் பத்தரைக்கு. கார் என்றாலே எனக்குக் குமட்டும். மைல்கல்லைப் பார்த்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தால் அடங்கும். ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் எப்போதும் நூற்றைம்பது. அன்று திருச்செங்கோடு தாண்டியும் அதே நூற்றைம்பதுதான்! நீங்களோ, "பாத்தியா வேகத்த!" என்று தொடையைத் தட்டினீர்கள். சங்ககிரி இறக்கத்தில், பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடும் பஸ் ஒன்று புகை விட்டுக்கொண்டு நம்மை முந்தியது. "அவன் எறக்கத்துல வாரான்" என்றீர்கள். நாம் மட்டும் ஏற்றத்திலா போனோம்!

பந்தலில் தம்பி, "எங்கக்கா வராம உக்காரமாட்டேனுங்க" என்று நின்றுகொண்டிருந்தான். பிள்ளையை யார் கையிலோ திணித்துவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்தேன். அவன் என் கையை விடவேயில்லை. சீர் முடிந்து, தாலியும் நேரத்துக்கு ஏறியது.

பந்தியில் எங்கள் பெரியப்பா உங்களைக் கேட்டார்: "ஏனுங்க மாப்பிள்ளை, ஏன் இத்தன நேரம்?"

"ஏரோப்பிளேன் பெட்ரோலுங்க. பறந்து வந்தோம்."

"பறந்தே இந்நேரமாச்சுங்களா?"

பந்தியே சிரித்தது. உங்கள் முகம் சுண்டிப்போனதை என்னால் பார்க்க முடியவில்லை. "நெசமாலுமே பறந்துச்சுங்க பெரியப்பா. எண்ணிப் பாத்தேன், கல்லுக்குக் கல்லு நூறுதான்" என்று கூசாமல் சொன்னேன்.

அந்தப் பெட்ரோல் அதற்கென்று செய்த இஞ்சினுக்குத்தான், நம் காருக்கு எதை ஊற்றினாலும் ஒன்றுதான் என்று சேலத்து மெக்கானிக் பிற்பாடு சொன்னார். ஆனால் உங்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது. திரும்பும்போது பாதி வழியில், "நானும் எண்ணுனேன் புள்ள. நூத்தம்பது" என்றீர்கள். காரை ஓரங்கட்டிவிட்டு, மடியில் பிள்ளை விழித்துக்கொண்டு அழும்வரை இருவரும் சிரித்தோம்.

அந்தப் பிள்ளைதான் இன்று ஓட்டிவந்தான். ஏற்காடு சாலையில், "எப்படிம்மா, பறக்குதா?" என்று கேட்டான்.

"பறக்குது சாமி" என்றேன்.

வாய்க்குள் எண்ணிக்கொண்டுதான் வந்தேன். எத்தனை என்பது நமக்குள் இருக்கட்டும்.