தனியாளாய் இறக்கும் படகு

நவம்பர் 23, ஞாயிறு

விடியலில் தூறல். பிறகு வெளுத்த மேகம், காற்றே இல்லை. பூசை முடிந்து நேரே கண்மாய்.

உதவியாளர் ஜான்சன் திருப்பூர் வேலைக்குப் போனபின் இன்றுதான் முதல் தடவை தனியாக. கல்லூரியின் சின்ன ஃபைபர் படகு, அதற்கான டிரெய்லர், இழுக்க அப்பா விட்டுப்போன ஜீப், நான். "ரெண்டு பேர் இல்லாம எறக்காதீங்க மேடம்" என்று துறைத் தலைவர் சொல்லியிருந்தார். தலையாட்டியிருந்தேன். ஆனால் ஆய்வுக்கு நடுக்கண்மாய்த் தண்ணீர் வேண்டும். கரையில் மொண்டு எடுத்தால் அது மாடு குளித்த தண்ணீர்.

மறக்காமல் இருக்க:
– படகை டிரெய்லரோடு கட்டிய வார்ப்பட்டையை மேட்டிலேயே அவிழ்த்துவிட. தண்ணீரில் நின்று அவிழ்ப்பது சனியன்.
– ரிவர்ஸில் டிரெய்லர் இங்கிட்டுத் திரும்ப ஸ்டீயரிங் அங்கிட்டு. யோசித்தால் தப்பும். யோசிக்கவே கூடாது.
– கைபிரேக். முதல் கியர். சக்கரத்துக்குப் பின்னால் கல்.
– முன்கயிறு எப்போதும் கையில்.

முதலில் கோணல்மாணலாகப் போய்ப் புதரில் முட்டியது. முன்னே எடுத்து, மறுபடி. டிரெய்லர் சக்கரம் மெல்ல மூழ்கியது. இறங்கி, படகின் மூக்கில் கை வைத்துத் தள்ளினேன். அதுவரை இரும்பின் மேல் பாரமாகக் கிடந்தது சட்டென்று ஒன்றுமில்லாமல் போயிற்று. விரலால் தள்ளினால் நகர்கிறது. அந்த நொடிக்காக இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் புதரில் முட்டலாம்.

வடக்குச் சரிவில் ஆடு மேய்க்கும் ராக்கம்மா அக்கா இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒத்தப் பொம்பள, என்னத்தப் போயிப் பாக்குற அம்புட்டுத் தூரம்?"

"தண்ணியத்தான்க்கா."

"இங்கிட்டுக் கெடக்குறதும் தண்ணிதான டீச்சரம்மா."

நடுவில் துடுப்பை உள்ளே வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். முங்கிய கருவேல மரங்களின் தலை மட்டும் வெளியே. ஒவ்வொன்றிலும் ஒரு நீர்க்காகம். மேகம் கீழேயும் இருந்தது. எது மேல் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

அரிசி தீர்ந்துவிட்டது. வாங்க மறந்தேன், அம்மா திட்டு.


நவம்பர் 26, புதன்

மழை இல்லை. புழுக்கம். சாயங்காலம் பெண் பார்க்க வந்தார்கள்.

பொன்னமராவதிக்காரர். பெயர் சேவியர். இனி இங்கே வெறும் சே. குவைத்தில் ஏதோ ஆலையில் வருசக்கணக்கில் இரவு ஷிஃப்ட். இப்போது அண்ணனோடு மோட்டார் ரிப்பேர் கடை. அண்ணன் அந்தோணி, அண்ணி, அவர். அண்ணன்தான் எல்லாம் பேசினார். நல்ல குரல், கோயிலில் வாசகம் வாசிக்கிற குரல்.

சே. கொட்டாவியை அடக்கினார். அடக்க முடியவில்லை. காபி டம்ளரைப் பிடித்தபடியே கண் சொருகியது. அண்ணி முழங்கையால் இடித்தார்.

தனியாகப் பேசச் சொன்னார்கள். வேப்பமரத்தடி, டிரெய்லர் பக்கத்தில்.

"மன்னிச்சுக்கங்க. எனக்கு ராத்திரியில ஒறக்கம் வராது. அங்க பழகுன பழக்கம். பகல்லயும் சரியா வராது. உக்காந்தா மட்டும் வரும்."

"பரவால்லங்க."

"இதத் தனியாவா எறக்குறீங்க?"

"ஆமா."

"ஏன்?"

இதுவரை எல்லோரும் கேட்டதுதான். ஆனால் மற்றவர்கள் 'ஏன்' என்றால் 'கூடாது' என்று அர்த்தம். இவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆள் இல்ல. ஆள் இருந்தாலும், வர்றவங்க நான் தள்ளும்போது இழுப்பாங்க."

அதை யோசித்துப் பார்த்தார். "ஒரு நாள் நான் வந்து சும்மா உக்காந்துக்கவா? எதையும் தொடமாட்டேன்."

அவர்கள் போனதும் அம்மா: "பொண்ணு பாக்க வந்த எடத்துல எவனாச்சும் தூங்குவானா? ஒனக்கு முப்பத்தாறு ஆயிருச்சுன்னு நாம வாய மூடிக்கிட்டு இருக்கணும், வேறென்ன."


நவம்பர் 28, வெள்ளி

வகுப்பு. விடைத்தாள். தலைவலி.

விடியற்காலைக் கனவு: டிரெய்லரைக் கல்லூரி வராந்தாவில் ரிவர்ஸ் எடுக்கிறேன். வகுப்பறைக் கதவுகள் இருபுறமும் திறந்திருக்கின்றன, ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. வராந்தா முடியும் இடத்தில் தண்ணீர். பயமில்லை. சக்கரம் நனைகிற சத்தம் மட்டும், துணி அலசுகிற மாதிரி.

சே.யை ஞாயிறு கண்மாய்க்கு வரச் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன். "வெளிச்சத்துலயே திரும்பிரு" என்றாள், அவ்வளவுதான்.


நவம்பர் 30, ஞாயிறு

இடது கையால் பேப்பரைப் பிடிக்க முடியவில்லை. எழுத்து ஓடுகிறது. ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

காலையில் லேசான வாடைக்காற்று. கண்மாய் நிரம்பி, தென்கோடிக் கலுங்கில் உபரித் தண்ணீர் விழத் தொடங்கியிருந்தது. வடக்கே நிற்கும்போதே இரைச்சல் கேட்டது.

சே. பைக்கில் வந்தார். சொன்ன மாதிரியே எதையும் தொடவில்லை. கரையில் குந்தி, நான் இறக்குவதைக் கோயிலில் இருப்பவர் மாதிரி பார்த்தார். நீச்சல் தெரியாது என்றார். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி வார்களை நானே இறுக்கினேன்.

நடுவில் மாதிரி எடுத்தேன். புட்டிகளில் பெயர் ஒட்டினேன். அவர் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காய்வதைப் பார்த்தார்.

"அது ஏன் அப்படி நிக்குது?"

"எறக ஈரம். காயப்போடுது."

"நம்ம சட்ட மாதிரி."

கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், ஜாக்கெட்டைக் கழற்றித் தலைக்கு வைத்து, கால்களை மடக்கித் தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்து. இப்படி ஒருவர் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுப்பி ஜாக்கெட்டைப் போடச் சொல்லியிருக்க வேண்டும். மனம் வரவில்லை. சத்தமில்லாமல் துடுப்புப் போட்டேன். கரைவரை அசையவில்லை.

படகோடு அவரையும் சேர்த்து டிரெய்லரில் ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். புட்டிகளையும் துடுப்புகளையும் கரையில் வைத்தேன். முன்கயிற்றை ஒரு கட்டையில் சுற்றினேன், முடிச்சுப் போடவில்லை. ஜீப்பை ரிவர்ஸ் எடுத்தேன். கண்ணாடியில் டிரெய்லர் தெரிந்தது. படகு தெரியவில்லை.

காற்று ஏறியிருந்தது. படகு தெற்கே போய்க்கொண்டிருந்தது, யாரோ துடுப்புப் போடுவது போல நேராக, நிதானமாக. அதற்குள் அவர் தூங்குகிறார். அந்தப் பக்கம் கலுங்கு.

சரிவில் ஆட்டோடு நின்ற ராக்கம்மா அக்கா கத்த வாயெடுத்தார். ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினேன்.

"கத்தாதீங்கக்கா. எந்திரிச்சு நின்னாருன்னா கவுந்துரும்."

செருப்பை உதறிவிட்டு இறங்கினேன். துப்பட்டா காலில் சுற்றியது, அதையும் விட்டேன். நீந்தும்போது நினைத்ததெல்லாம் அற்பம்: புட்டிகள் வெயிலில் இருக்கின்றன. ஜீப்பில் சாவி. பயம் தனியாக, பக்கத்தில் இன்னொருத்தி நீந்துகிற மாதிரி கூடவே வந்தது.

கயிறு படகுக்குப் பின்னால் தண்ணீரில் இழுபட்டுப் போய்க்கொண்டிருந்தது. பிடித்தேன். காற்றுக்கு எதிராக இழுத்தால் நான்தான் பின்னால் போனேன். இரைச்சல் பெரிதாகிவிட்டது. பக்கவாட்டில் ஒரு கருவேல மரத்தின் தலை. அதை இடது கையால் அப்படியே பற்றினேன். முள் உள்ளே இறங்கியது, விடவில்லை. கயிற்றைக் கிளையில் சுற்றி, இந்தத் தடவை முடிச்சு. படகு ஒரு குலுக்கலோடு நின்றது.

அவர் கண் திறந்திருந்தது. அசையவில்லை. மேலே பார்த்தபடியே கேட்டார்:

"நான் ஏதாச்சும் செய்யணுமா?"

"ஒண்ணும் செய்யாதீங்க. அப்படியே படுத்திருங்க."

"சரி."

படுத்திருந்தார். நான் மூச்சு வாங்கி, முடிச்சை அவிழ்த்து, கிளை கிளையாகப் பிடித்து, கரைக்கல் காலில் தட்டும்வரை படகை இழுத்துப் போனேன். எவ்வளவு நேரம் தெரியாது. ஒரு தடவைகூட அவர் தலையைத் தூக்கவில்லை, ஒரு யோசனை சொல்லவில்லை. "இப்ப எறங்குங்க" என்றபோது இறங்கினார்.

கயிற்றைத் தோளில் போட்டுக் கரையோரமாக வடக்கே இழுத்து வந்தேன். கூடவே நடந்தார்.

"என்னைய எழுப்பியிருக்கலாமேங்க."

"எந்திரிச்சு நின்னிருப்பீங்க."

கொஞ்ச தூரம் நடந்தபின், "ஆமா, நின்னுருப்பேன்" என்றார்.

டிரெய்லரில் நான்தான் ஏற்றினேன், ஒற்றைக் கையால் வின்ச் கைப்பிடியைச் சுற்றி. அதன்பின் சே. ராக்கம்மா அக்காவிடம் ஊக்கு வாங்கி, என் உள்ளங்கையை மடியில் வைத்து முள்ளை எடுத்தார். மோட்டார்க் கம்பி சுற்றுகிறவரின் விரல். வலிக்கவில்லை.

"இம்புட்டு நல்லா நான் தூங்குனதே இல்லங்க" என்றார், தலையைக் குனிந்தபடி.


டிசம்பர் 2, செவ்வாய்

இடைவிடாத மழை. கல்லூரி லீவு. கை வீக்கம் குறைவு. ஊசி போட்டாயிற்று.

மத்தியானம் அந்தோணி அண்ணனின் போன். சே. வீட்டில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார், சந்தோசமாக. கேட்டவர்களுக்குச் சந்தோசமாக இல்லை. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"கலுங்குல போயிருந்தா யாருங்க பதில் சொல்றது? ஒங்க பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா இது சரிப்படாதுங்க. இத்தோட விட்டுருவோம்."

அம்மா போனை வைத்தாள். திட்டுவாள் என்று இருந்தேன்.

"பொண்ணு எப்படி இருக்கு, கையி எப்படி இருக்குன்னு ஒரு வார்த்த கேட்டானா பாரு."

ரசம் வைத்தாள். அப்பளம் பொரித்தாள். இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம்.

அவர் சொன்னதில் தப்பில்லை. முடிச்சுப் போடாதது நான்.


டிசம்பர் 4, வியாழன்

மழை விட்டது. மண் வாசனை, தவளை.

மாதிரிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர். ஒரு துளிக்குள் எத்தனை பேர், எல்லோரும் எங்கேயோ போய்க்கொண்டு. ஒன்று மட்டும் சும்மா மிதந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்தேன். பியூன் வந்து லைட்டை அணைக்கவா என்றார்.

சே. போன் செய்யவில்லை. நானும்.

தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கும். இன்றும் பிடிக்கிறது. அதனால்தான் குழப்பம். அன்று படகில் அவர் இருந்தும் அந்தத் தனிமை குறையவில்லை.

சனிக்கிழமை மேற்கே ஒரு கண்மாயில் மாதிரி எடுக்க வேண்டும். பொன்னமராவதி வழி. வேறு வழியும் இருக்கிறது.


டிசம்பர் 6, சனி

வெயில். ஈரம் காயாத வெயில், எல்லாம் மினுமினுப்பு.

பொன்னமராவதிக் கடைவீதிக்குள் டிரெய்லரோடு நுழைந்தது மடத்தனம். சந்தை மாதிரி கூட்டம். மோட்டார்க் கடையைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்ப இடமில்லை. ரிவர்ஸ்தான்.

ஊரே வழி சொன்னது.

"ஒடிங்க, ஒடிங்க, ரைட்ல ஒடிங்க."

"லெஃப்ட்டு. அந்தாளு சொல்றதக் கேக்காதீங்க."

"கம்மாய்ல விடுற படகா? இங்க எதுக்கு?"

"பொம்பள ஓட்டுதுடா."

நான் யாரையும் கேட்கவில்லை. யோசிக்கவும் இல்லை. தேங்காய் வண்டிக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் படகு தானாக நழுவி வந்து கடை வாசலில் நின்றது.

அந்தோணி அண்ணன் வெளியே வந்தார். படகையும் என்னையும் பார்த்தார். கையில் ஒரு பேரிங்.

"வாங்கம்மா. பெரியவங்க யாரும் வரலையா?"

"இல்லங்க. அம்மாட்டக்கூடச் சொல்லல. நாந்தான் வந்தேன்."

"என்ன விசயமா?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

"ஒங்க தம்பியக் கேட்டு வந்திருக்கேங்க."

தேங்காய்க்காரர் அரிவாளைக் கீழே வைத்தார். அண்ணன் பேரிங்கை விரலில் சுற்றினார்.

"அன்னைக்குச் சம்பவத்த நெனச்சா எனக்கு இன்னமும் பக்குன்னு இருக்கும்மா. அவனுக்கு நீச்சல் தெரியாது."

"எனக்குத் தெரியும்ங்க."

என் கைக்கட்டைப் பார்த்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்திலிருந்த இறுக்கம் தளர்ந்தது.

"சேவியரு," என்று உள்பக்கம் குரல் கொடுத்தார். "இங்க வா. ஒன்னையத் தேடி வந்திருக்காங்க."

சே. கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். முதலில் படகைப் பார்த்தார். பிறகுதான் என்னை. ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. எந்த நாளும் நான் வரலாம் என்று இருந்தவர் போல.

"எங்க எறக்கப் போறீங்க?"

"இங்கதான், மேற்க. வாரீங்களா?"

அண்ணனைப் பார்த்தார். அண்ணன் எங்களைப் பார்க்கவில்லை. வீதியில் இறங்கி, தேங்காய் வண்டியை ஓரமாகத் தள்ளச் சொல்லி, நின்றவர்களை விலக்கி, ஜீப் போக வழி செய்துகொண்டிருந்தார்.