இரண்டு ஆவணங்கள், ஒரே பிறந்த தேதி

மார்ச் 4
மருத்துவமனையின் தரவுத்தளத்தைச் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஒரே நோயாளிக்கு மூன்று நான்கு ஆவணங்கள். ஜாவாஸ்கிரிப்ட் கணினி மொழியில் சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் எழுதுகிறேன்: வெற்றிடங்களை நீக்க, தேதிகளை ஒரே மாதிரியாக்க, ஒரே ஆளின் ஆவணங்களைச் சேர்க்க. பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதித் தொலைத்திருக்கிறார்கள். அதனால் முதலெழுத்து, பிறந்த தேதி, தொலைபேசி எண் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டேன். மேலாளரும் தலையாட்டிவிட்டார்.

மார்ச் 6
முதுகுவலி. வேறொன்றுமில்லை.

மார்ச் 9
தரவின் சோதனைப் பிரதியில் அவற்றை ஓட்டிவிட்டு, சரிபார்க்க என் ஆவணத்தையே திறந்தேன். போன மாதம் மார்பகத்தில் சதை எடுத்துப் பரிசோதித்ததாக இருந்தது. முடிவு நல்லதாக இல்லை. நான் இங்கே நோயாளியாக வந்தே வருடக்கணக்காகிறது.

பிறகுதான் உறைத்தது — அக்கா. என்னோடு பிறந்தவள், சில நிமிடம் மூத்தவள். அதே முதலெழுத்து, அதே தேதி, இருவருக்கும் அப்பாவின் எண். இரட்டையாகப் பிறந்த எனக்கே இரட்டையர் நினைவு வரவில்லை. அப்பாவைக் கடைசிக் காலத்தில் யார் பார்த்துக்கொள்வது என்ற சண்டையில் பேச்சு நின்றது. அதுக்காக இப்படியா? அவ ஒருத்தி இருக்கிறதே மறந்துபோச்சா எனக்கு?

மார்ச் 10
பெயர் வேறுபட்டால் ஒரு ஆள் பார்த்துச் சொன்ன பிறகே சேர்க்கும்படி மாற்றினேன். பிழையை மேலாளரிடம் சொன்னேன்; யாருடையதென்று சொல்லவில்லை. நல்லவேளை, சோதனையிலேயே மாட்டியது என்றார்.

படித்ததை என்ன செய்ய? அவள் எனக்குச் சொன்னதில்லையே அது.

மார்ச் 13
போன் செய்தேன். வாய்க்கு வந்தபடி, அம்மாவின் தையல் மெஷின் யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். தன்னிடம்தான் என்றாள். சாப்பிட்டாயா என்றாள். வைத்துவிட்டோம்.

மார்ச் 21
அவளே கூப்பிட்டாள்.

"புதன்கிழமை லீவு போட முடியுமாடி? ஆஸ்பத்திரிக்குப் போகணும். தனியா போக ஒரு மாதிரி இருக்கு."

வருகிறேன் என்றேன்.

"என்ன ஏதுன்னு கேக்கவே இல்லையே நீ."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அதான் தையல் மெஷினா?"

"ஆமாக்கா."

"காலையிலேயே வந்துடு."

மார்ச் 25
பதிவு மேசையில் இருந்த பெண், தொலைபேசி எண் பழையதுதானா என்று கேட்டாள். அப்பாவின் எண்ணை எடுத்துவிடச் சொன்னாள் அக்கா. பிறகு, என்னைப் பார்க்காமலே, என் எண்ணைச் சொன்னாள். மனப்பாடமாக.