தண்ணீர் ஏறும் நேரம்

17 பிப்ரவரி 1963, ஞாயிறு
பாய் முடிந்தது! காடாத்துணி, இரட்டைத் தையல், ஓரமெல்லாம் கயிறு வைத்து மடித்தது. ரவிக்கை தைக்கிற மெஷினில்தான் தைத்தேன். மூன்று ஊசி போயிற்று, போகட்டும். பஸ்ஸுக்கு மரச்சட்டம் கட்டுகிற என் வீட்டுக்காரர், ரேஸ்கோர்ஸ் ரோட்டு வீட்டுப் பின்சந்தில் இரண்டு வருஷம் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து செய்த படகுக்கு என் பாய். தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

அவர் அண்ணன் பரமசிவம், எங்கள் வீட்டுப் பெரியவர், வந்து பார்த்தார். "ரவிக்கை தைக்கிறதும் பாய் தைக்கிறதும் ஒண்ணாலா? ஒரு காத்துக்குத் தாங்காது." பார்ப்போமே.

24 பிப்ரவரி
எங்கே இறக்குவது? இவருக்கு ஏரிமேல் ஆசை. அலையிருக்காது, பழகச் சுலபம் என்கிறார். நீர்த்தேக்கத்துக்குப் போய்க் கேட்டோம். "ஊரே குடிக்கிற தண்ணிம்மா, கால் நனைக்கக்கூட விடமாட்டாங்க" என்று காவல்காரர் அனுப்பிவிட்டார். காலாங் ஆற்றில் சரக்குப் படகு நெரிசல். சாங்கிக் கடலில் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகுமாம்.

பாசிர் பாஞ்சாங் கடற்கரை என்று சொன்னது நான்தான். ஆழமில்லை, காற்றும் மெதுவாக வரும். நாளும் நானே கேலண்டரில் பார்த்தேன். மார்ச் பத்து, பௌர்ணமி, மாலை மூன்றரை முதல் நாலரை நல்ல நேரம்.

10 மார்ச்
எழுதவே கை வரவில்லை.

பெரியவர் லாரியில் படகைக் கொண்டுபோனோம். எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, சரியாக மூன்றரைக்குத் திரும்பிப் பார்த்தால் கடலைக் காணோம்! கால் மைலுக்கு வெறும் சேறு. இழுத்துப் பார்த்தோம், முழங்கால்வரை புதைந்ததுதான் மிச்சம்.

பெரியவர் சிரித்தாரே ஒரு சிரிப்பு! "பூவம்மா, நல்ல நேரம் பாத்தியே, தண்ணி இருக்கான்னு பாத்தியா? இன்னும் ஒரே தடவைதான் லாரி. அதுக்கும் மிதக்கலேன்னா கோழிக்கூண்டுதான்."

இவர் குனிந்து படகில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தாலாவது தேவலை. ரெண்டு வருஷ ஞாயித்துக்கிழமை — என்னால கோழிக்கூண்டா போகணும்?

கரையில் டீக்கடை வைத்திருக்கும் அப்துல் முத்தலிப் சிரிக்கவில்லை. "பௌர்ணமின்னா உச்சிவேளையில ஏறும், சாயங்காலம் வத்திரும் அக்கா. கடலுக்கு ஒங்க கேலண்டர் தெரியாதுலா."

11 மார்ச்
வேறு இடம் பார்க்கலாமா என்கிறார். முடியாது. இடம் சரி. நேரம்தான் தப்பு.

16 மார்ச்
ஆங்கிலப் பேப்பரில் கப்பல் செய்திக்குக் கீழே தண்ணீர் ஏறும் நேரம் போடுகிறான். எண்தானே, எனக்குத் தெரியாதா? தினம் தினம் கேலண்டர் தேதித் தாளில், நல்ல நேரத்துக்குப் பக்கத்திலேயே பென்சிலால் எழுதுகிறேன். ஒவ்வொரு நாளும் முக்கால் மணிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிப்போகிறது. விரல்விட்டு எண்ணிப் பார்த்ததில் 24-ஆம் தேதிக்குக் காலை பத்தே முக்கால் வருகிறது. டீக்கடையில் போய்க் கேட்டேன். "கரெக்ட் அக்கா" என்றார். அது நல்ல நேரமில்லை. இருக்கட்டும்.

24 மார்ச், ஞாயிறு
மிதந்துச்சு! மிதந்துச்சு!

பத்தரைக்கு லாரியிலிருந்து படகை இறக்கும்போதே தண்ணீர் கரைக்கட்டைத் தொட்டுவிட்டது. ஏறி உட்கார்ந்து பாயை ஏற்றினோம். சடசடவென்று அடித்துக்கொண்டது. எனக்கு உயிரே இல்லை. அப்புறம் ஒரேயடியாக உப்பி, இழுத்துக்கொண்டு கிளம்பியது. ஒரு தையல் விடவில்லை. ஒரே ஒரு தையல்கூட!

பாதி தூரத்தில் இவர் சுக்கானை என் கையில் கொடுத்தார். "நீ பிடி. நேரம் பாத்தது நீ." இரண்டு வாரமாக இதற்குத்தான் ஏங்கினேன் போலிருக்கிறது. அழுதேன். காற்றில் கண் கரித்தது என்று சொல்லிக்கொண்டேன்.

25 மார்ச்
உள்ளங்கையெல்லாம் கொப்புளம். இன்று ஒரு ரவிக்கைகூடத் தைக்கவில்லை.

27 மார்ச்
பெரியவர் வந்தார். உட்காரவில்லை. கேலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளைங்க படகுல போகணும்கிறாங்க. வர்ற ஞாயிறு எப்போ போகலாம்?"

"நாலு மணிக்குத் தண்ணி நிறைஞ்சிருக்கும். மூணுக்கே லாரி வாசல்ல நிக்கணும்."

"நாலரைக்கு ராகுகாலம் ஆச்சேம்மா?"

"அதுக்குள்ள நாம தண்ணியில இருப்போம்."

சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, சிகரெட் அட்டையில் 'மூணு' என்று எழுதிக்கொண்டு போனார்.